ஐந்து சனிக்கிழமைகள்

லீக் அட்டவணை நம் கையில் இல்லை. ஏற்பாட்டாளர்கள் போட்டு அனுப்புவார்கள், நாம் ஆடுவோம். முதல் ஆட்டமே போன ஆண்டு வெற்றியாளரோடு என்றால்கூட முணுமுணுத்துக்கொண்டே போய் ஆடத்தான் வேண்டும். ஒரு கல்லூரிக் காற்பந்துக் குழுவுக்குத் தேர்வு செய்யும் உரிமை இருப்பது லீக்குக்கு முந்தைய சில வாரங்களில்தான். யாரோடு மோதுவது, எந்த வரிசையில், எந்தத் திடலில், எத்தனை மணிக்கு. இந்த நான்கையும் ஒரு குழு எப்படி முடிவு செய்கிறது என்று கவனித்தால், அதன் பயிற்றுநருக்கு எங்கே தைரியம், எங்கே பயம் என்பது தெரிந்துவிடும்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரிக் குழுவுக்கு நான் மேனேஜர். பேர்தான் பெரிது, சம்பளம் கிடையாது. திடல் முன்பதிவு, வேன், நடுவர் கட்டணம், தண்ணீர்ப் போத்தல், துவைக்காமல் திருப்பிக் கொடுக்கும் ஜெர்சி, "என் மகன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்" என்று கேட்கும் அம்மாக்களின் அழைப்பு, எல்லாம் என் பக்கம். ஆட்டம் பற்றிய முடிவு கோச்சினுடையது. என்னைவிட வயதில் இளையவர். என்னை "அண்ணே" என்பார். ஆனால் நட்புமுறை ஆட்டங்களின் பட்டியல் போடும்போது மட்டும் இரண்டு பேருக்கும் சமமாகக் குரல் உண்டு. ஏனென்றால் எதிரணிகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது நான்.

இந்த ஜனவரியில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து 2026 நாட்காட்டியை விரித்தபோது இருவருக்குமே சிரிப்புத்தான் வந்தது. பிப்ரவரி 1 தைப்பூசம். 17 சீனப் புத்தாண்டு. 19-ல் நோன்பு மாதம் தொடங்குகிறது. மார்ச் 21 நோன்புப் பெருநாள். எங்கள் லீக் மே 2-ஆம் தேதி. தமிழ், மலாய், சீனப் பிள்ளைகளும் ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த சிலரும் கலந்த குழு இது. எல்லாருடைய திருநாளும் ஒரே எட்டு வாரத்துக்குள் வரிசை கட்டி நிற்கிறது. ஐரோப்பியப் பயிற்சிக் கையேடுகளில் "ஆறு வாரத் தொடர் தயாரிப்பு" என்று அழகாகக் கட்டம் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தை மலேசிய நாட்காட்டி மேல் வைத்துப் பாருங்கள், பாதிக் கட்டம் சிவப்பு.

தைப்பூசத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெளியிலிருந்து வரும் பயிற்றுநர்களுக்கு அது ஒரு நாள் விடுமுறையாகத்தான் தெரிகிறது. எங்கள் பையன்களில் சிலர் காவடி எடுக்கிறார்கள், சிலர் பால்குடம். விரதம் வாரக்கணக்கில் போகும். சிலர் முழு 48 நாளும் இருப்பார்கள். அசைவம் இல்லை, சிலருக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். அந்த நேரத்தில் பீப் டெஸ்ட் என்னும் ஓட்டத் தகுதிச் சோதனை வைத்து, "நீ ஏன் போன செமஸ்டரைவிட மூன்று நிலை குறைவு" என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை. அப்புறம் கால். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரை வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தார்ச்சாலை, முடிவில் 272 படி. அடுத்த சில நாளுக்கு அந்தப் பாதங்களை ஸ்டட்ஸ் பூட்ஸுக்குள் திணித்தால் கொப்புளம் உடைந்து இரண்டு வாரம் போய்விடும். ஆகவே தைப்பூசத்துக்குப் பிந்தைய வாரம் எங்களிடம் ஆட்டமே கிடையாது. ஓட்டமும் கிடையாது. வயிறு, இடுப்பு, தொடைக்கான தரைப்பயிற்சிகள் மட்டும். கோச் இதில் ஒரு தடவைகூட வாதாடியதில்லை. அவரே காவடி எடுத்தவர்.

நோன்பு மாதம் வேறு வகைக் கணக்கு. மலேசிய லீக் ஆட்டங்களே அந்த மாதத்தில் இரவு 10 மணி வாக்குக்குத் தள்ளிப்போகும். நாங்களும் நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவிஹ் முடிந்த பிறகு, கூரை போட்ட ஃபுட்சால் மைதானத்தில் பயிற்சி வைத்துக்கொள்கிறோம். தூரமாக ஓட விடுவதில்லை. சின்ன இடத்தில் ஐந்துக்கு ஐந்து, பந்தை வாங்கும் விதம், முதல் தொடுதல், பேச்சு. நோன்பு திறந்த வயிற்றோடு முழுத் திடல் ஆட்டம் ஆட முடியாது என்பதால் அல்ல, அவர்களில் நிறையப் பேர் மறுநாள் விடியுமுன் சஹூர் உணவுக்கு எழ வேண்டும். தூக்கம் குறைந்த உடம்பில்தான் தொடைத் தசை கிழியும் என்பது என் அனுபவம். உடற்பயிற்சியியல் படித்தவர்களும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார்கள்.

இதெல்லாம் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு? பெருநாளுக்கும் லீக்குக்கும் நடுவில் ஐந்து சனிக்கிழமை. மார்ச் 28-ஐ மறந்துவிடலாம். பாதிப் பேர் கிளந்தானிலும் கெடாவிலும் கம்பத்தில் (சொந்த ஊரில்) இருப்பார்கள், மீதிப் பேர் திறந்த இல்ல உபசரிப்பில் லெமாங், ரெண்டாங் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நானும் சேர்த்து. ஏப்ரல் 18 பொறியியல் பிள்ளைகளுக்கு இடைத்தேர்வு வாரம். ஆக ஏப்ரல் 4, 11, 25. மூன்று நாள். இந்த மூன்றை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் சண்டை முழுவதும்.

கல்லூரி நிர்வாகத்துக்கு இதில் ஒரு ஆசை உண்டு: வெற்றி. நட்புமுறை ஆட்டமாக இருந்தாலும் 6-0 என்று முகநூலில் போட்டால் சேர்க்கைக் காலத்தில் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அதற்கு ஏற்ற குழுக்கள் கோலாலம்பூரில் தாராளமாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு நாள் சேர்ந்து ஆடும் பகுதிநேர மாணவர்கள், புதிதாகத் தொடங்கிய கல்லூரிகள். போன ஆண்டு அப்படி ஒரு ஆட்டம் ஆடினோம், நிர்வாகத்தின் வற்புறுத்தலில். எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பாதி நேரம் எதிரணிப் பகுதியில் நின்றுகொண்டு கதை பேசினார்கள். கோல்காவலரின் கையுறை காய்ந்தே இருந்தது. இரண்டு வாரம் கழித்து லீக்கின் முதல் கார்னரில் கோல் வாங்கினோம், அதே தற்காப்பில்.

அமெரிக்காவில் இந்த ஆசையைக் காசு கொடுத்தே தீர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கல்லூரி ஃபுட்பால் வேறு விளையாட்டு, முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம். அங்கே சனிக்கிழமை இரவு ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை பசியாறும் நேரம் என்பதால் அவ்வப்போது பார்ப்பேன். நம்மைப்போல் நட்புமுறை ஆட்டங்கள் அவர்களுக்கு இல்லை. முதல் ஆட்டமே கணக்கில் சேரும். வழக்கமான பருவத்தில் 12 ஆட்டம்தான். அதில் தங்கள் பிரிவுக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதைப் பல்கலைக்கழகங்களே பேசி, சில சமயம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போடுகின்றன. பெரிய பல்கலைக்கழகம் ஒரு சின்னக் குழுவுக்குப் பெருந்தொகை கொடுத்துத் தன் அரங்கத்துக்கு வரவழைக்கும். பணம் சின்னவருக்கு, வெற்றி பெரியவருக்கு என்பது எழுதப்படாத ஏற்பாடு. 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்படித்தான் அப்பலாச்சியன் ஸ்டேட்டை அழைத்தது. மிச்சிகன் அப்போது நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த ரசிகர்கள் முன்னால் 34-32 என்று தோற்றது. நான் இந்தக் கதையை எங்கள் விளையாட்டுப் பிரிவு அதிகாரியிடம் சொன்னேன். "அதான் சார், இன்னும் சின்னக் குழுவாப் பாருங்க" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

கோச்சின் கட்சி நேர் எதிர். "அண்ணே, தோக்குற மேட்ச்தான் நமக்கு வேணும். எங்க ஓட்டை இருக்குன்னு அவன்தான் காட்டுவான்." இதை நான் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். தோற்பது எப்போது என்பதில்தான் கால்வாசி தகராறு. ஒரு மாதம் சின்ன ஃபுட்சால் தரையில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளை முதல் சனிக்கிழமையே பலமான குழுவோடு மோதவிட்டால், அவர்கள் காட்டும் ஓட்டை உடல்தகுதியின் ஓட்டைதான். அது நமக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு ஒரு ஆட்டத்தைச் செலவு செய்ய வேண்டியதில்லை. பலமான எதிரணி நடுவில் வர வேண்டும். காட்டிய ஓட்டையை அடைக்க அதற்குப் பிறகு நாளும் இருக்க வேண்டும்.

ஆகவே ஏப்ரல் 4-க்கு ஷா ஆலம் பக்கத் தொழிற்சாலைக் குழு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். எல்லாரும் முப்பது தாண்டியவர்கள், வேலை முடிந்து ஆடுபவர்கள். வேகம் இல்லை, ஆனால் உடம்பு இருக்கிறது, தோள் கொடுப்பார்கள். எங்கள் பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு முதலில் தேவை அதுதான். இதை வழக்கமான 45 நிமிடம் இரண்டு பாதியாக ஆடப் போவதில்லை. 30 நிமிடம் மூன்று பகுதி. முதல் பகுதிக்கு ஒரு பதினொருவர், இரண்டாவதுக்கு வேறு பதினொருவர், மூன்றாவதில் கலவை. நட்புமுறை ஆட்டத்தில் இரு குழுவும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு நடுவரிடம் சொல்லிவிட்டால் மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள ஆட்ட விதிகளே இடம் தருகின்றன. இதைத் தெரியாமல் "ஐந்து பேர்தான் மாற்றலாம்" என்று சண்டைக்கு வரும் மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுவது நல்லது.

ஏப்ரல் 11 அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இரண்டாம் குழு. இரண்டாம் குழு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் பல்கலைக்கழகக் காற்பந்து விளையாட்டுத்தனமானது இல்லை. 2020-ல் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு (யுஐடிஎம்) நாட்டின் உச்ச நிலை லீக்கான சூப்பர் லீக்கிலேயே ஆடியது, அந்த நிலைக்கு ஏறிய முதல் பல்கலைக்கழகக் குழு அதுதான். அந்தப் பிள்ளைகள் விடுதியில் ஒன்றாகத் தங்கி, நாள்தோறும் பயிற்சி எடுப்பவர்கள். எங்கள் பையன்கள் பலர் வகுப்பு முடிந்து கிராப் உணவு விநியோகத்துக்குப் போய்விட்டுத்தான் திடலுக்கு வருகிறார்கள். நான்கு கோல் வாங்குவோம் என்று எதிர்பார்க்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து அந்த நான்கும் வருகின்றன என்பதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல். இதற்காக ஒருவரைப் படிக்கட்டின் மேல் படியில் நிற்க வைத்து முழு ஆட்டத்தையும் கைப்பேசியில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கோலை மட்டும் எடுத்தால் போதாது, கோலுக்கு முந்தின இருபது வினாடி வேண்டும்.

எங்கள் லீக்கிலேயே ஆடும் இரண்டு கல்லூரிகள் நட்புமுறை ஆட்டத்துக்கு அழைத்தன. மறுத்துவிட்டோம். மூன்று வாரத்தில் கணக்குக்காக ஆடப் போகிறவனுக்கு நம் ஃப்ரீகிக் ஏற்பாட்டை இலவசமாகக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? இதில் கோச்சும் நானும் ஒரே கட்சி.

எதிரணியைவிட என்னைப் பயமுறுத்துவது நேரம். கோலாலம்பூர் திடலில் மாலை 4 மணி என்பது ஆட்டத்துக்கு ஏற்ற நேரமே இல்லை. செயற்கைப் புல் என்றால் இன்னும் மோசம்; வெயிலில் அதன் மேற்பரப்பு இயற்கைப் புல்லைவிட வெகுவாகச் சூடேறும், பூட்ஸுக்குள்ளேயே அடுப்பு வைத்ததுபோல் இருக்கும். ஆனால் மலிவாகக் கிடைப்பதும் அந்த நேரம்தான், ஏனென்றால் யாருக்கும் அது வேண்டாம். 5 மணிக்கு மேல் வாடகை ஏறும், 8 மணிக்கு விளக்குக் கட்டணமும் சேரும். இங்கே ஒரு சின்ன லாபம்: 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்களே, அதன் புண்ணியத்தில் மாலை 7 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. 5.15-க்குத் தொடங்கினால் விளக்கு இல்லாமல் முடித்துவிடலாம்.

மழை விட்டால். ஏப்ரல் பருவக்காற்று மாறும் மாதம், கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழைக்குப் பேர் போனது. எங்களிடம் விதி ஒன்றே: மின்னல் தெரிந்து முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் எல்லாரும் உள்ளே, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் யாரும் திடலில் கால் வைக்கக் கூடாது. மரத்தடியில் ஒதுங்குவதும் கூடாது. நடுவர் விசில் ஊதவில்லையே என்று காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நானே கோட்டுக்குள் ஓடிப்போய்ப் பையன்களை இழுத்து வந்திருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

வெயில் விஷயத்தில் அமெரிக்கர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது, அதை அவர்கள் விலை கொடுத்துத்தான் படித்தார்கள். அங்கே பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆகஸ்ட் வெயிலில். அதனால் தொடக்க நாட்களில் தலைக்கவசம் மட்டும், பிறகு தோள் கவசம், அதற்கும் பிறகுதான் முழுக் கவசம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு முறை மோதல் பயிற்சி வைப்பதை 2017-ல் நிறுத்தினார்கள். அப்படியும் 2018 மே மாதம் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற மாணவர் ஓட்டப் பயிற்சியில் வெப்பத்தாக்கத்தால் விழுந்து, இரண்டு வாரத்தில் இறந்தார். வயது 19. அவரை உடனே குளிர்ந்த நீரில் இறக்கவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. முதலில் உடம்பைக் குளிரவை, அப்புறம் ஆம்புலன்ஸ் என்பதுதான் இதில் மருத்துவர்கள் சொல்லும் வரிசை.

நாம் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கு ஒன்றும் ஆகாது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. வளர்ந்தது வெயிலில்தான், ஆனால் இன்றைய மாணவர் நாள் முழுக்க ஏர்கோன் வகுப்பிலும் எல்ஆர்டி ரயிலிலும் இருக்கிறார். ஒரு மாதம் இரவில் மட்டும் பயிற்சி எடுத்தவரை ஏப்ரல் மாலை வெயிலுக்குப் பழக்க பத்துப் பதினான்கு நாளாவது ஆகும். ஆகவே பெருநாளுக்குப் பிந்தைய முதல் வாரம் மாலையில் 40 நிமிடம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம் என்று கூட்டுகிறோம். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் எடை பார்க்கிறோம். 70 கிலோ பையன் ஒன்றரைக் கிலோ இழந்து வந்தால் அவன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அர்த்தம், சாக்கு எதுவும் எடுபடாது. திடலோரம் பெரிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் தண்ணீரும், பக்கத்தில் ஐஸ் கட்டி மூட்டையும் எப்போதும் இருக்கும். "மீன் கடையா சார்?" என்று எதிரணிக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

புகைமூட்டம் ஏப்ரலில் பொதுவாக இருக்காது. அது ஆகஸ்ட், செப்டம்பர் தலைவலி. 2019 செப்டம்பரில் திடல் பதிவு செய்திருந்தவர்கள் எல்லாரும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 100-ஐத் தாண்டினால் வெளிப்புற விளையாட்டு நிறுத்தம்.

இப்போது ஏப்ரல் 25. லீக்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். அந்த சனிக்கிழமையைக் காலியாக விட வேண்டும் என்பது என் வாதம். தேர்வு முடிந்து களைத்து வரும் பிள்ளைகள், லேசான பயிற்சி, கார்னர், ஃப்ரீகிக் ஒத்திகை, சீக்கிரம் வீட்டுக்கு. அந்த நாளில் கணுக்கால் பிசகினால் முதல் மூன்று லீக் ஆட்டமும் போச்சு.

கோச் அன்றைக்குக் கோலாலம்பூரின் செந்தூல் பகுதி மூத்தோர் குழுவைக் கேட்கிறார். ரயில்வே குடியிருப்பில் பந்து பழகியவர்கள், சிலருக்கு ஐம்பது வயது. சின்ன வயதில் மலேசியக் கோல்காவலர் "ஸ்பைடர்மேன்" ஆறுமுகத்தை மெர்டேக்கா அரங்கத்தில் பார்த்ததை இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்பவர்கள். ஓட மாட்டார்கள். பந்துதான் ஓடும். "தம்பி, பந்தைப் பாக்காதடா, ஆளைப் பாரு" என்று நம் பையன்களுக்கே எதிரணியிலிருந்து பாடம் எடுப்பார்கள். ஆட்டத்தை நிதானப்படுத்துவது எப்படி, 1-0 முன்னிலையில் கடைசிப் பத்து நிமிடத்தை எப்படிக் கழிப்பது என்பதையெல்லாம் வெள்ளைப் பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்க முடியாது என்கிறார் கோச். மூர்க்கமாகக் காலில் பாயும் ஆட்கள் இல்லை, காயம் படும் வாய்ப்பும் குறைவு. 60 நிமிடம் மட்டும், லீக் ஆட்டம் தொடங்கும் அதே 5.15-க்கு. அந்த நேரத்து வெளிச்சத்தில் உயரப் பந்து கோல்காவலரின் கண்ணில் எப்படி விழுகிறது என்பதைப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த மூத்தோர் குழுவின் மேல் இருப்பது பாசம்தான், சந்தேகம் எங்கள் பையன்கள் மேல். ஐம்பது வயதுக்காரர் காலுக்கு நடுவில் பந்தைத் தள்ளிவிட்டுச் சிரித்தால் பத்தொன்பது வயது ரத்தம் சும்மா இருக்காது. பின்னாலிருந்து ஒரு உதை, அப்புறம் செந்தூலில் யார் முகத்தில் முழிப்பது?

திடலுக்கு முன்பணம் கட்டி வைத்திருக்கிறேன். ஏப்ரல் 12 வரை சொன்னால் திருப்பிக் கொடுப்பார்கள். பல்கலைக்கழகக் குழுவோடு ஆடும்போது பின்தங்கிய பிறகு பையன்கள் தலையைத் தொங்கப் போடுகிறார்களா, கோபத்தில் காலை நீட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு அன்று இரவே முடிவு சொல்வதாகப் பேச்சு. மூத்தோர் குழுவின் தலைவரிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு எந்தச் சனிக்கிழமையும் ஓகேதான். ஆனா உன் பசங்களைக் கொஞ்சம் முடி வெட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.